உஷார்! இறங்கிய கையோடு சாவியை வாங்காதீர்கள்

மாசியில் வீரக்குமாரசாமி கோயில் தேர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. அதை ஒட்டியே கோடை லீவும் கல்யாண முகூர்த்தங்களும். துபாய், சிங்கப்பூர், லண்டன், டெக்சாஸ் என்று பிழைக்கப் போனவர்கள் வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் முத்தூருக்கும் மூலனூருக்கும் வந்து சேரும் காலம் இது. வந்தவர் கைக்கு முதலில் இளநீர் வரும். அடுத்தது கார் சாவி.

"ஏனுங் மாப்ளே, கரூர் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. வெளிநாட்டுல ஓட்டிப் பழகுன கை தானுங்களே?"

வாங்காதீர்கள். அங்கே ஓட்டிப் பழகிய கை என்பதுதான் இங்கே ஆபத்து. இங்கே ஓட்டிப் பழகிய கையோடு அங்கே போகிறவருக்கும் அதே ஆபத்து காத்திருக்கிறது. சாலை விதிகள் தெரியாததால் வருகிற விபத்தைவிட, எதிரே வருகிறவர் என்ன செய்வார் என்று தப்பாக நம்பியதால் வருகிற விபத்து கொடியது.

கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. மக்கள்தொகையில் நம் மாநிலத்தைவிடச் சற்றே சிறியது பிரிட்டன். அங்கே அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 1,700 பேர். பத்தில் ஒரு பங்கு. லண்டனிலிருந்து வருகிறவர் ஒரே ராத்திரியில் பத்து மடங்கு ஆபத்தான சாலைக்குள் இறங்குகிறார். ஆனால் அவர் மனது இன்னும் லண்டனிலேயே இருக்கிறது.

நம் ஓட்டுநர்கள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலையில் இதே வெள்ளகோவிலில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி வந்தது. உயிர் போகிற அந்த நேரத்திலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, உள்ளே இருந்த பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். ஓட்டுகிறவர்களின் மனசில் குறையில்லை. ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு சாலைப் பழக்கம் வேறு. அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது.

விளக்கு அடித்தால் என்ன அர்த்தம்?

முதல் எச்சரிக்கை இதுதான். எதிரே வருகிற வண்டி 'டிம், டிப்' அடிக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் அது, 'நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள்' என்கிற மரியாதை. அங்கே பத்து வருஷம் ஓட்டியவர் அதைப் பார்த்ததும் நன்றி சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் திருப்புவார். கோவை - கரூர் சாலையில் அதே வெளிச்சத்துக்கு அர்த்தம் தலைகீழ்: 'நான் வர்றேன், நீ நில்லு!' பஸ்காரர் விளக்கை அடித்துவிட்டார். தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். பிரேக்கில் அவர் கால் இல்லை. லண்டன்காரர் தனக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார். இரண்டு பேரும் வழக்கப்படிதான் நடந்தார்கள், ஆளுக்கொரு நாட்டு வழக்கப்படி.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இதிலேயே இன்னொரு சிக்கல். அங்கே வேகப் பாதையில் பின்னால் ஒட்டி வந்து விளக்கு அடித்தால் முன்னால் போகிறவர் ஒதுங்கி வழிவிடுவார். அப்படி ஒட்டிப் போவது அங்கேயும் குற்றம்தான்; ஐக்கிய அரபு அமீரகத்தில் 400 திர்ஹாம் அபராதமும் லைசென்சில் நாலு கரும்புள்ளியும் உண்டு. ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். நம் ஊரில் முன்னால் போகிற நூல் மூட்டை லாரிக்கு ஒதுங்க இடமே இருக்காது. இடது ஓரத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் தீவன மூட்டையோடு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருப்பார். லாரிக்கு முன்னால் இருக்கும் அவர் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

லாரியின் இண்டிகேட்டர் இன்னும் பெரிய புதிர். நம் பக்கத்து லாரிக்காரர்கள் இடது இண்டிகேட்டர் போட்டால் 'ஓரமா போறேன், தாண்டிக்கோ' என்று பொருள். வலது போட்டால் 'எதுக்க வண்டி வருது, ஏறாதே'. வடக்கே இருந்து பஞ்சு ஏற்றி வருகிற லாரிகளில் சிலர் இதையே மாற்றி, வலது இண்டிகேட்டர் போட்டு 'இந்தப் பக்கமா வா' என்பார்கள். மூன்றாவதாக ஒருவர், நிஜமாகவே வலப்பக்கம் இருக்கிற ஓ.இ. நூல் மில்லுக்குள் திரும்பப் போகிறவர், அதே வலது இண்டிகேட்டரைத்தான் போடுவார். எதை நம்புவது? எதையும் நம்பக் கூடாது. எதிர்ப்பாதை காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்க்காதவரை தாண்டாதீர்கள். கிளீனர் கையை ஆட்டினாலும் சரி, லாரிக்காரர் கும்பிட்டே கூப்பிட்டாலும் சரி.

நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டால் உலகமெங்கும் 'ஆபத்து, நின்றுவிட்டேன்' என்று பொருள். நம் ஊரில் சந்திப்பில் நேராகப் போகிறவர்களில் சிலர் அதைப் போடுகிறார்கள். தப்பு. பக்கத்து ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார்.

இடமா, வலமா? காலியான ரோட்டில்தான் கண்டம்

பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஆஸ்திரேலியா: இங்கெல்லாம் நம்மைப் போல இடப்பக்கம். வளைகுடா நாடுகள், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் வலப்பக்கம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுகிற இடம் ஒன்று உண்டு.

நெரிசலான சாலையில் யாரும் தப்பு செய்வதில்லை. முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அதிகாலையில் தோட்டத்துச் சாளையிலிருந்து வெளியே வந்து திரும்புகிறீர்கள், அல்லது பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்புகிறீர்கள். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அப்போது மூளை எந்தப் பக்கம் பழகியதோ அந்தப் பக்கம் கை தானாகத் திருப்பும். எதிரே ஒரு வெளிச்சம் வரும்வரை தெரியவே தெரியாது. இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஆடியதா? உங்கள் கை இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சிரித்துவிட்டுப் போகாதீர்கள்; ஓட்டுவதை நிறுத்துங்கள்.

நடக்கிறவர்களுக்கும் இதே கண்டம் உண்டு. 1931 டிசம்பர் 13 அன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவைக் கடக்கும்போது, இங்கிலாந்துப் பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்துவிட்டு அடியெடுத்து வைத்தார் வின்ஸ்டன் சர்ச்சில். கார் இடித்துத் தூக்கி எறிந்தது. பின்னாளில் பிரதமரான மனிதர் பிழைத்ததே அதிர்ஷ்டம். மகன் வீட்டுக்கு, மகள் பிரசவத்துக்கு என்று முதல்முறை அமெரிக்கா போகும் நம் அப்பிச்சிகளும் அம்மாயிகளும் இதை மனசில் வைக்க வேண்டும். ரோட்டைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும், இரண்டு தடவை.

இங்கே ஸ்வீடன் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1967 செப்டம்பர் 3, அதிகாலை ஐந்து மணிக்கு அந்த நாடு முழுக்க இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. விபத்துகள் குவியும் என்று எல்லோரும் நடுங்கினார்கள். நடந்ததோ வேறு: விபத்துகள் குறைந்தன. ஒவ்வொருவரும் பயந்து பயந்து, பக்கத்து வண்டியைச் சந்தேகப்பட்டு ஓட்டினார்கள். புதுப் பழக்கம் கைக்கு வந்து, 'இனிமே நமக்குத் தெரியும்' என்ற தைரியம் பிறந்ததும், இரண்டே வருஷத்தில் விபத்துகள் பழைய அளவுக்கு ஏறிவிட்டன. புது மாற்றத்தைவிட நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும் என்று ஒரு நாடே சோதித்துப் பார்த்துவிட்டது.

நம் ரோட்டில் மட்டும் வருகிறவை

பல வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியல். இவை எந்த நாட்டு ஓட்டுநர் பயிற்சியிலும் சொல்லித்தரப்படாதவை.

மில் ஷிப்ட் மாறும் நேரம்: ஆளை ஏற்றி இறக்கும் வேன்கள் சட்டென்று நிற்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகள் இருட்டில் ரோட்டோரமாக நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள். பின்னால் சிவப்பு விளக்கு இருக்காது.

ராங் சைடு பைக்: 'நூறு மீட்டர் தானுங்க' என்று இடது ஓரத்தில் எதிரே வருவார். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் இடது ஓரம்தான் பத்திரமான பாதை. இங்கே அதுவே எதிர்ப்பாதை.

நின்றுபோன லாரி: முக்கோணப் பலகைக்குப் பதிலாக வேப்பங்கொத்தும் நாலு கல்லும் வைத்திருப்பார்கள். லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும்.

ரோட்டுக் களம்: உட்புற ரோடுகளில் கொள்ளும் சோளத்தட்டும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் பைக் வழுக்கும்.

மயில்: காங்கேயம், வெள்ளகோவில் காட்டுப்பக்கம் விடியலிலும் பொழுது சாயும்போதும் தாழப் பறந்து வரும். இரு சக்கர வண்டிக்காரரின் நெஞ்சில் மோதினால் ஆள் விழுவது நிச்சயம்.

பெயிண்ட் போன வேகத்தடை: ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு குதிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரிப் பயணம் எல்லாவற்றுக்கும் மேல். 2024 ஏப்ரல் 9 அதிகாலை, வெள்ளகோவிலை அடுத்த ஓலப்பாளையம் அருகே ஒரு காரும் அரசுப் பேருந்தும் நேருக்கு நேர் மோதின. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திருப்பூர் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம். கைக்குழந்தை உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டியவர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. இரண்டுமே விடியாத பொழுதில் நடந்தவை.

வெளிநாட்டு விமானத்தில் தூங்காமல் வந்து, திருச்சியிலோ கோவையிலோ ராத்திரி இறங்கி, உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவரின் உடம்பு எந்த நாட்டு நேரத்தில் இருக்கும்? அழைத்துப்போக வந்த தம்பியும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுத் தூக்கத்தோடு வந்தவர்தான். விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஒரு ஓட்டுநரை அமர்த்துங்கள். அவர் பகலில் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு அமர்த்துங்கள்.

நல்ல பழக்கம் மட்டும் ஏன் கழன்றுவிடுகிறது?

இதைச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. டல்லாசில் குழந்தை இருக்கை இல்லாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாத அம்மா, இங்கே வந்ததும் அதே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிறார். சிங்கப்பூரில் பின் சீட்டிலும் பெல்ட் போட்டவர், இங்கே முன் சீட்டில்கூட பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு மணி அடிக்காமல் பார்த்துக்கொள்கிறார். 'இங்கே வெள்ளகோவில் கடைவீதி வரைக்கும் தானே' என்கிறார். ஹெல்மெட் திண்ணையில் தொங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது பெல்ட் பழக்கம். விட்டுவிட்டு வர வேண்டியது, எதிரே வருகிறவர் மேல் வைத்த நம்பிக்கை. நாம் சரியாக மாற்றிச் செய்கிறோம். பெல்ட்டை அங்கேயே கழற்றிவிட்டு, நம்பிக்கையைப் பத்திரமாகக் கொண்டுவருகிறோம்.

சட்டமும் நம் பக்கம் தளர்வாக இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். பெரியப்பா வீட்டுப் பையன் பதினாறு வயதில் 'ஒரு ரவுண்டு' கேட்கிறானா? 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டி மாட்டினால், சாவி கொடுத்த பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து.

இங்கிருந்து போகிறவர்களே, நீங்களும் உஷார்!

படிக்க, வேலைக்கு, பனியன் ஏற்றுமதி விஷயமாகப் பையரைப் பார்க்க என்று போகிறவர்கள் நம் ஊர்ப் பழக்கத்தைப் பெட்டியோடு கொண்டுபோகிறார்கள். 'மத்தவன் பாத்து ஒதுங்கிக்குவான்' என்பது நம் ஊர் நம்பிக்கை. அங்கே ஒதுங்க மாட்டார். தனக்கு முன்னுரிமை இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் நேராக வருவார். சந்திப்பில் மெல்ல மூக்கை நுழைத்து வழி வாங்குகிற நம் வித்தை அங்கே நேரே மோதலில் முடியும்.

அமெரிக்காவில் நாலு பக்கமும் 'ஸ்டாப்' பலகை இருக்கும் சந்திப்பில் யார் முதலில் வந்து முழுதாக நின்றாரோ அவர் முதலில் போவார். ஆள் இல்லாவிட்டாலும் சக்கரம் நிற்க வேண்டும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டினால் பின்னால் வருபவர் நிற்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். அமீரகத்தில் பள்ளிப் பேருந்தின் நிறுத்தப் பலகையைத் தாண்டினால் 1,000 திர்ஹாமும் பத்துக் கரும்புள்ளியும் விழும். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல், சந்திப்பில் ரோட்டைக் கடக்கக் காத்து நிற்பவருக்கே வழிவிட வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் ஜீப்ரா கோட்டில் நிற்பவரைப் பார்த்து ஆரன் அடிப்போம். அங்கே ராத்திரி 11.30 முதல் காலை 7 வரை குடியிருப்புப் பகுதியில் ஆரன் அடிப்பதே குற்றம். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே, சைரன் சத்தம் கேட்கும் முன்பே, இடக்கோடி வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்சுக்குப் பாதை விட வேண்டும். ஆம்புலன்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற நம் கெட்டிக்காரத்தனத்தை அங்கே காட்டினால் லைசென்சுக்கே ஆபத்து.

எல்லாவற்றிலும் கவனமாகக் கேட்க வேண்டியது: அமெரிக்காவில் பின்னால் போலீஸ் விளக்கு எரிந்தால், நம் ஊர் மாதிரி பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கி, 'சார், சார்' என்று போலீஸ் வண்டியை நோக்கி நடக்காதீர்கள். அங்கே அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள். அவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. வலது ஓரத்தில் நிறுத்துங்கள், உள்ளேயே உட்காருங்கள், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரியட்டும். கேட்ட பிறகு சொல்லிவிட்டு லைசென்சை எடுங்கள். எந்த நாட்டிலும் நோட்டை மட்டும் நீட்டாதீர்கள். அபராதத்தோடு முடிய வேண்டிய விஷயம் சிங்கப்பூரில் சிறைவரை போகும்.

இப்போதே செய்ய வேண்டியவை

ஊருக்கு வந்தவர்கள் முதல் இரண்டு நாள் ஓட்ட வேண்டாம். மூன்றாம் நாள் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, கிராமத்து ரோட்டில் ஆரம்பியுங்கள். தேசிய நெடுஞ்சாலை அதற்கப்புறம். வெளிநாடு போகிறவர்கள் அங்கே முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

விபத்தைக் கண்டால் 108க்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு, எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரத்துக்கான அவசரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் குறிப்பிட்ட தொகைவரை இலவசமாகத் தரும். 2021 டிசம்பர் முதல் இது நடப்பில் இருக்கிறது. உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. பயந்து விலகிப் போகாதீர்கள்.

அடுத்து லைசென்ஸ். வெளிநாட்டிலேயே பல வருஷம் இருந்தவர்களில் எத்தனையோ பேரின் இந்திய லைசென்ஸ் சத்தமில்லாமல் காலாவதியாகியிருக்கும். முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019 திருத்தம் எடுத்துவிட்டது; சலுகையை நம்பித் தேதியைத் தாண்டவிடாதீர்கள். முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம். தாண்டினால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். துபாய் லைசென்ஸ் பர்சில் இருப்பது மட்டும் இங்கே போதாது. அந்த நாடு கொடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கூடவே வேண்டும். இங்கிருந்து போகிறவர்கள் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் செல்லும். அமீரகத்தில் குடியிருப்பு விசா கிடைத்ததும் அதுவும் செல்லாது, அங்கத்து லைசென்ஸ் எடுக்க வேண்டும். பிரிட்டனில் இந்திய லைசென்சோடு 12 மாதம்வரை ஓட்டலாம். அதற்கு மேல் தங்குகிறவர் அங்கே தேர்வு எழுத வேண்டும்.

செல்லாத லைசென்சோடு இடித்தால் காப்பீட்டு நிறுவனம் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கைவிரித்துவிடும். அடிபட்டவருக்கு நீதிமன்றம் சொல்லிப் பணம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கும். உரிமையாளர் என்றால், சாவி கொடுத்த உங்கள் மாமனார்தான். காடு விற்று அடைக்கிற கடன் அது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் லைசென்சில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.